ஜமைக்கா கிரியோல்

கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவில், ஆங்கிலச் சொற்களை ஆதாரமாகக் கொண்டு ஆப்பிரிக்க அடிமைகளின் நாவில் உருவாகி, இன்று பெரும்பாலோர்க்குத் தாய்மொழியாக விளங்கும் பாஷை. 1655-இல் ஆங்கிலேயர் ஸ்பெயினிடமிருந்து இத்தீவைக் கைப்பற்றியபின், கரும்புத் தோட்டங்களுக்கென மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பலவந்தமாகக் கொணரப்பட்ட அக்கான், இக்போ முதலிய பல இனத்தார், ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத நிலையில், எஜமானரின் சொற்களைக் கொண்டே தம்முள் பேசத் தலைப்பட்டனர்; அப்பேச்சு அவர்தம் சந்ததியாரிடையே முழுமையான இலக்கணமுடைய மொழியாக முதிர்ந்தது. ஆயினும் ஆப்பிரிக்கச் சொற்களும் அதில் கலந்துள்ளன; 'நீங்கள்' எனப் பொருள்படும் 'உனு' இக்போ மொழியின் கொடையாகும்.

சமூகத்தில் இம்மொழி ஒரே வடிவில் வழங்குவதில்லை. 'நான் உண்டுகொண்டிருக்கிறேன்' என்னும் பொருளில் கிராமத்துக் குடியானவர் 'மி ஆ நியாம்' என்று சொல்வதையே கல்வியும் பதவியும் உடையோர் 'ஐ ஆம் ஈட்டிங்' என்பர். இவ்விரு எல்லைகளுக்கிடையே படிப்படியாக மாறும் வடிவங்கள் பல உண்டு. ஒரே மனிதர் சந்தையில் ஒருவிதமாகவும் நியாயஸ்தலத்தில் வேறுவிதமாகவும் பேசுவது சகஜம். இதனை அறுபடாத ஒரு தொடர்ச்சியாக மொழியியலாளர் டேவிட் டிகாம்ப் 1971-இல் விளக்கினார். இம்மொழிக்குத் தனி இலக்கண ஒழுங்கும் உண்டு: மேற்காட்டிய 'மி ஆ நியாம்' என்னும் வாக்கியத்தில் 'ஆ' என்னும் சிற்றிடைச்சொல் வினைக்கு முன் நின்று செயல் நிகழ்ந்துகொண்டிருப்பதை உணர்த்துகின்றது. இத்தகைய ஒழுங்குடைய மொழியைச் சிதைந்த ஆங்கிலமென்று இகழ்வது அநீதியேயாகும். 1967-இல் மொழியியலாளர்களான காசிடியும் லெ பேஜும் இதற்கு விரிவான அகராதி வெளியிட்டனர். எனினும் ஜமைக்காவின் ஆட்சிமொழி ஆங்கிலமே.