உணவுக்குழாய்த் துளை: அறுவை சிகிச்சையும் அறுவையில்லாச் சிகிச்சையும்

உணவுக்குழாயின் சுவர் முழுத் தடிமனும் கிழிந்து போவது உணவுக்குழாய்த் துளை எனப்படும். பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இக்குழாய்க்கு, குடலுக்கு இருப்பது போன்ற உறுதியான வெளியுறை இல்லை. எனவே எச்சிலும் உணவும் இரைப்பை அமிலமும் இதயத்தையும் நுரையீரல்களையும் ஒட்டிய பகுதியில் எளிதில் கசிந்து சீழ் பிடிக்கச் செய்கின்றன. இன்று பெரும்பாலான துளைகள் உள்நோக்கிக் கருவி கொண்டு செய்யும் சோதனை, சிகிச்சைகளின்போது நேர்கின்றன. மீன்முள், எலும்புத் துண்டு, கடும் வாந்தி, அமிலம் அருந்துதல் ஆகியவையும் காரணங்களாகும்.

முதல் பதிவு

1723-இல் டச்சுக் கடற்படைத் தளபதி ஒருவர் விருந்துக்குப் பின் வாந்தி மருந்து அருந்தினார். கடுமையாக வாந்தி எடுத்தபோது நெஞ்சில் தாங்க முடியாத வலி தோன்றி, ஒரு நாளுக்குள் இறந்தார். அவரது உடலைப் பிணக்கூறாய்வு செய்த ஹெர்மன் போர்ஹாவே, உணவுக்குழாய் கிழிந்து உணவு நெஞ்சறைக்குள் சென்றிருந்ததைக் கண்டு 1724-இல் நூலாக வெளியிட்டார். வாந்தியால் ஏற்படும் கிழிசல் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அறுவை சிகிச்சை

நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும் என்பதால், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இக்கிழிசலைத் தைக்க வழியில்லாதிருந்தது. மயக்க மருத்துவமும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் வளர்ந்த பின், 1947-இல் இலண்டனில் நார்மன் பாரெட் இத்தகைய கிழிசலைத் தைத்து நோயாளியைக் காப்பாற்றினார். அதன்பின் உடனடி அறுவையே விதியாயிற்று. முதல் 24 மணி நேரத்துக்குள் தைத்தால் பலன் அதிகம். தாமதித்தால் சீழ் பிடித்த சுவரில் தையல் நிற்பதில்லை.

அறுவையில்லாச் சிகிச்சை

எல்லாத் துளைக்கும் அறுவை தேவையா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 1979-இல் கேமரனும் உடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் சில வரையறைகளை வகுத்தனர். கசிவு ஓரிடத்தில் அடங்கி மீண்டும் உணவுக்குழாய்க்குள்ளேயே வடிய வேண்டும். நோயாளிக்கு அறிகுறிகள் குறைவாக இருக்க வேண்டும். கிருமித்தொற்று பரவிய அடையாளம் பெரிதாக இருக்கக் கூடாது. இத்தகையோருக்கு வாய்வழி உணவை நிறுத்தி, எதிர்ப்பு மருந்தும் இரத்தக்குழாய் வழி ஊட்டமும் கொடுத்தால் துளை தானே ஆறக்கூடும். நிலை மோசமானால் உடனே அறுவைக்கு மாற வேண்டும். எனவே இம்முறைக்கும் அறுவை மருத்துவரின் இடைவிடாத கண்காணிப்பு தேவை.

இன்று சி.டி. ஸ்கேன் கசிவின் அளவைக் காட்டுகிறது. உள்நோக்கி வழியாகக் கவ்விகளும் ஸ்டென்ட்டுகளும் வைக்கப்படுவதால், இரு முறைகளுக்கும் இடையே மூன்றாவது வழியும் உருவாகியுள்ளது.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் நெஞ்சறுவைத் துறையை ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். இரைப்பைக் குடல் அறுவையைத் தனித் துறையாகச் சென்னையில் வளர்த்தவர் பேராசிரியர் ந. ரங்கபாஷ்யம்.

பொன்னமராவதி போன்ற ஊர்களுக்குத் தொலைவே பெரும் தடையாக இருந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954-லும், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-லும் தொடங்கப்பட்டன. 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் சேவை பயண நேரத்தைக் குறைத்தது.

ஆயினும் மீன்முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்லும் வழக்கம் நீடிக்கிறது. இதனால் முள் மேலும் ஆழமாகக் குத்தக்கூடும். முள் சிக்கிய பின்போ, கடும் வாந்திக்குப் பின்போ நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்தில் வீக்கம் தோன்றினால் எதையும் உண்ணாமல், பருகாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் எந்தச் சிகிச்சையின் வெற்றியும் நோயாளி வந்து சேரும் நேரத்தைப் பெரிதும் சார்ந்தது.