பொதுப் பூங்காக்களில் நாய்களை அனுமதிக்கலாமா? சட்டமும் நடைமுறையும் கூறுவது என்ன?

புதுதில்லி: காலை நடைப்பயிற்சிக்கு வரும் முதியோர், மாலையில் விளையாட வரும் குழந்தைகள், செல்லப் பிராணியுடன் உலவ வருவோர் என அனைவருக்கும் உரியது பொதுப் பூங்கா. அங்கு நாய்களுக்கு இடமளிப்பதா, தடை விதிப்பதா என்ற கேள்வி நாட்டின் பல நகரங்களில் தொடர்ந்து எழுந்து வருகிறது.

தடை கோருவோர் வாதம்

2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடி சம்பவங்கள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. நாய்க் கழிவு கலந்த மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குக் கொக்கிப்புழு, உருளைப்புழு தொற்று ஏற்படும் அபாயமும் உண்டு.

ஆபத்து தெரு நாய்களால் மட்டும் நேர்வதில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், வளர்ப்பு நாய்களான இரண்டு ராட்வெய்லர்கள் கடித்ததில் 5 வயதுச் சிறுமி பலத்த காயமடைந்தார். இதையடுத்து, பூங்காவுக்கு அழைத்து வரப்படும் நாய்களுக்குச் சங்கிலியும் வாய்க்கவசமும் கட்டாயம் என மாநகராட்சி அறிவித்தது.

எதிர்ப்போர் வாதம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளரும் நாய்களுக்கு ஓடியாடத் திறந்தவெளி வேறில்லை என்பதும், போதிய பயிற்சியின்றி அடைபட்டுக் கிடக்கும் நாயே மூர்க்கமடைய வாய்ப்பு அதிகம் என்பதும் நாய் வளர்ப்போரின் வாதம். உயிரினங்களிடம் கருணை காட்டுவதை அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(ஜி) பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமையாகக் குறிப்பிடுவதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

விதிகள் என்ன?

வளர்ப்பு நாய்களைப் பொறுத்தவரை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் பூங்காக்களில் முழுத் தடை விதிப்பதை ஆதரிக்கவில்லை. மாறாக, பிறருக்கு இடையூறின்றி நேரத்தை வரையறுக்கலாம் என்று அறிவுறுத்துகின்றன. அதே நேரத்தில், தமது விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ நேராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி குற்றமாகும். இதற்கு 6 மாதம் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தெரு நாய்களுக்கு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 பொருந்தும். அவற்றுக்கு உணவளிக்கும் இடம், குழந்தைகள் விளையாடும் பகுதி, நுழைவாயில், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும் என அவ்விதிகள் கூறுகின்றன.

உச்சநீதிமன்ற உத்தரவுகள்

தில்லி தலைநகர் பகுதியின் தெரு நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-இல் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களை, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடலாம் என்றும், ரேபிஸ் பாதித்தவை, பாதித்ததாகச் சந்தேகிக்கப்படுபவை, மூர்க்கமானவை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்றும் அந்த அமர்வு தெரிவித்தது. ஒவ்வொரு வார்டிலும் உணவளிக்கத் தனி இடம் ஒதுக்கவும் ஆணையிட்டது.

நவம்பர் 7-ஆம் தேதி, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றவும், அவற்றை அதே இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பூங்காக்கள் அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. ஆகவே, பூங்காக்களில் அன்றாட ஒழுங்குமுறை அவற்றைப் பராமரிக்கும் அமைப்புகளையே பெரிதும் சார்ந்துள்ளது.

நகரங்களின் அனுபவம்

பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய்களைச் சங்கிலியின்றி உலவ விடுவதாகவும், கழிவுகளை அகற்றுவதில்லை என்றும் புகார்கள் எழுந்ததால், 2022-இல் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்கத் தோட்டக்கலைத் துறை முன்வந்தது. நாய் வளர்ப்போரின் எதிர்ப்பைத் தொடர்ந்து அம்முடிவு கைவிடப்பட்டது. ஹைதராபாத் மாநகராட்சியோ 2018-இல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே தனிப் பூங்காவைத் திறந்து வேறு வழியைக் காட்டியது.

குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு மட்டும் தடை, நாய்களுக்கு வேலியிட்ட தனிப் பகுதி, நேர வரையறை, கழிவை அகற்றாதோருக்கு அபராதம் ஆகியவை முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் இடைப்பட்ட வழிகளாகும். எனினும், பெரிய பூங்காவில் தனிப் பகுதி ஒதுக்குவது எளிது. தெருமுனையில் உள்ள சிறு பூங்காவில் அதற்கு இடமிருக்காது. அங்கு நேர வரையறையும் கண்காணிப்பும் மட்டுமே பயன் தரும்.

கடிபட்டால் செய்ய வேண்டியது

எந்த நாய் கடித்தாலும் காயத்தை உடனடியாகச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு போன்றவற்றைத் தடவக் கூடாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் தடுப்பூசித் தவணைகள் அனைத்தையும் முழுமையாகச் செலுத்திக்கொள்ள வேண்டும்.