வழுக்கலை மறைக்கும் கருவி: டிராக்ஷன் கன்ட்ரோலும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநரின் திறனும்

முன்னுரை

டிராக்ஷன் கன்ட்ரோல் வந்த பிறகு கார் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற பேச்சு ஸ்போர்ட்ஸ் கார் வட்டாரத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கணினி உயிரைக் காக்கிறது, பழைய வீரத்துக்கு ஏங்குவது வீண் என்பது எதிர்த்தரப்பின் பதில். இரு தரப்பும் 'திறன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு காரியங்களைப் பேசுவதால் இந்த வழக்கு தீராமல் நிற்கிறது. முதலாவது, ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதிக்கும் கால்நுட்பம். இரண்டாவது, வழுக்கத் தொடங்கிய காரை மீட்டெடுக்கும் கைப்பழக்கம். மூன்றாவது, பிடிமானத்தின் எல்லை எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வளவு அருகில் ஓட்டுகிறோம் என்ற மதிப்பீடு. ஏற்கெனவே கைவந்த நுட்பத்தை இக்கருவி அழிப்பதில்லை. கருவியோடே ஓட்டத் தொடங்குபவரிடம் முதலிரண்டும் வளர அது இடம் தருவதில்லை. உண்மையில் அது அரிப்பது மூன்றாவதை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கருவி செய்வது என்ன?

சற்றும் வழுக்காமல் உருளும் டயர் காரை உந்தித் தள்ளுவதில்லை. உலர்ந்த தார்ச்சாலையில் சக்கரம், காரின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாகச் சுழலும்போது பிடிமானம் உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் பிடிமானம் சரிகிறது. வளைவில் இருக்கும்போது பக்கவாட்டுப் பிடியும் சேர்ந்து போகிறது. ஆகவே தேர்ந்த ஓட்டுநரின் கலை வழுக்கலைத் தவிர்ப்பது அன்று, உச்சத்தை ஒட்டியே வழுக்க விடுவது. ஸ்டீயரிங் இலேசாவது, எஞ்சினின் குரல் திடீரென உயர்வது, இருக்கை இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளுவது ஆகியவற்றால் அந்த உச்சத்தை அவர் அறிகிறார்.

டிராக்ஷன் கன்ட்ரோல் இதே வேலையை எண்களால் செய்கிறது. சக்கரங்களில் உள்ள சென்சார்கள் சுழல்வேகத்தைச் சொல்கின்றன. கணினி அவற்றை ஒப்பிட்டு, எஞ்சின் தரும் விசையைக் குறைக்கிறது அல்லது சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. மனிதக் கால் ஒருமுறை அசைவதற்குள் இது பலமுறை நடந்து முடிந்துவிடும். ஓட்டுநருக்குக் கிடைக்கும் செய்தி, டாஷ்போர்டில் அரை நொடி மின்னும் ஒரு மஞ்சள் விளக்கு. வளைவை விட்டு வெளியேறும் அந்தத் தருணத்தில் அவர் கண் சாலையின் மேல் இருக்கும். விளக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

இக்கருவி இல்லாத காலத்துக் கார் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1975இல் வெளிவந்த போர்ஷே 911 டர்போவுக்கு 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன், நான்கு கியர். எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால். வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. டர்போ சுழன்று எழச் சற்று நேரமாகும். பிறகு மொத்த விசையும் ஒரே மூச்சில் வந்து சேரும், பின்பக்கம் விலகும். பயந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின் டயர்கள் மிச்சப் பிடியையும் இழக்கும். பின்னால் இருக்கும் எஞ்சினின் கனமே காரைச் சுழற்றிவிடும். அந்தக் காரை ஓட்டியவர், விசை எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்து மிதிக்கக் கற்றார், அல்லது சாலையை விட்டு வெளியே போனார். கல்வியும் ஆபத்தும் அங்கே ஒரே பொருளாக இருந்தன.

கற்றலில் நேரும் இழப்பு

உடலியக்கக் கற்றலில் பிழையே ஆசிரியர். சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 'வழிகாட்டல் கருதுகோள்' எனப் பின்னர் அறியப்பட்ட கருத்துக்கு அடிப்படையானது. பயிற்சியின்போது இடைவிடாத வெளியுதவி கிடைத்தால் அந்த நேரத்துச் செயல்பாடு மேம்படும். உதவியை எடுத்ததும் திறன் சரியும். ஏனெனில் கற்பவர் தம் உடல் தரும் குறிப்புகளைக் கவனிக்கப் பழகவில்லை. டிராக்ஷன் கன்ட்ரோலை ஒருபோதும் அணைக்காமல் ஓட்டிப் பழகுபவரின் நிலை இதுதான். வளைவின் நடுவே முழுதாக மிதித்தாலும் கார் தன் பாதையிலேயே போகிறது. தவறு நடந்தது, தண்டனை இல்லை, செய்தியும் இல்லை. அவர் உள்ளத்தில் பதிவது "நான் சரியாக ஓட்டினேன்" என்பதே.

லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய, தானியக்கத்தின் முரண்கள் பற்றிய கட்டுரையும் இங்கே பொருந்தும். இயந்திரத்தால் முடியாத கடினமான கணத்தில்தான் மனிதரிடம் பொறுப்பு திரும்பி வருகிறது. ஆனால் அதற்குள் அவர் பழக்கம் இழந்திருப்பார் என்பது பெயின்பிரிட்ஜ் காட்டிய முரண். டிராக்ஷன் கன்ட்ரோலாலும் இல்லாத பிடிமானத்தை உண்டாக்க முடியாது. தேய்ந்த டயரோடு தேங்கிய மழைநீரில் வேகமாக நுழையும் காரைக் கணினி காப்பாற்றாது.

பந்தயத்தடத்தின் சான்று

ஃபார்முலா ஒன் பந்தயம் இவ்வாதத்துக்கு இயற்கையாக அமைந்த சோதனைக்களம். டிராக்ஷன் கன்ட்ரோல் 1994இல் தடைசெய்யப்பட்டது. 2001இல் ஸ்பானிய கிராண்ட் பிரீயிலிருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2008இல் எல்லா அணிகளுக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினி கட்டாயமானபோது மறுபடியும் விலக்கப்பட்டது.

கருவி ஓட்டுநர்களைச் சமமாக்கிவிடுகிறது என்பார் 1993ஆம் ஆண்டு டோனிங்டன் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். முன்னணியில் இருந்த வில்லியம்ஸ், மெக்லாரன் கார்கள் இரண்டிலும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்தது. ஈரத் தடத்தில் அயர்டன் சென்னா ஐந்தாம் இடத்திலிருந்து முதல் சுற்று முடிவதற்குள்ளேயே முன்னிலைக்கு வந்தார். இறுதியில் டேமன் ஹில்லைத் தவிர மற்ற அனைவரையும் ஒரு சுற்றாவது பின்தள்ளினார். பிடிமானத்தைப் படிக்கும் அறிவு அவரிடம் முன்பே இருந்தது. கருவி அதை அழிக்கவில்லை.

கருவியோடு வளர்ந்த தலைமுறை அது இல்லாமல் தடுமாறும் என்பாருக்கு 2008 பதில் சொல்கிறது. அவ்வாண்டு சில்வர்ஸ்டோனில் கொட்டிய மழையில் லூயிஸ் ஹாமில்டன் 68 விநாடி இடைவெளியில் வென்றார். கருவி அனுமதிக்கப்பட்டிருந்த 2007இல்தான் அவர் ஃபார்முலா ஒன்னுக்கு வந்திருந்தார். அதே பந்தயத்தில், பட்டத்தை அவரிடம் ஒரே புள்ளியில் இழக்கவிருந்த ஃபெலிப்பி மாஸா ஐந்து முறை சுழன்றார். கருவி விலகியதும் ஆட்களுக்கிடையே மறைந்திருந்த வேறுபாடு வெளியே வந்தது. இவர்கள் எல்லோருக்கும் அடித்தளம், எந்த மின்னணு உதவியும் இல்லாத கார்ட் வண்டிகளில் சிறுவயதிலேயே அமைந்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் தொடங்கிய ஃபார்முலா மாருதியும் அத்தகைய எளிய வண்டிதான். கருவி அனுமதிக்கப்பட்ட 2005இலும், இல்லாத 2011, 2012இலும் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். கருவி பின்னால் வந்தால் சேதமில்லை. முதலில் வந்தால்தான் சேதம்.

சாலை வேறு

இதிலிருந்து, சாலையில் எல்லோரும் கருவியை அணைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவது பெரும்பிழை. டிராக்ஷன் கன்ட்ரோலை உள்ளடக்கி வளர்ந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, தனி வாகன விபத்துகளைக் கார்களில் 34 விழுக்காடும், எஸ்யூவி வகையில் 59 விழுக்காடும் குறைக்கும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2007இல் மதிப்பிட்டது. அந்த எண்களுக்குப் பின்னால் வீடு திரும்பிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

வழுக்கலை மீட்கும் பயிற்சி மட்டும் ஒருவரைப் பாதுகாப்பாக்கிவிடுவதும் இல்லை. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத்தளப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆல்ஃப் கிளாட் 1988இல் வெளியிட்ட ஆய்வு, அப்பயிற்சிக்குப் பின் இளம் ஆண்களின் விபத்து அபாயம் கூடியதைக் காட்டியது. ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் 1996இல், நுட்பப் பயிற்சி பெற்றவர்கள் தம் திறனை மிகையாக மதிப்பிட்டதைக் கண்டார். எல்லையை உணர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிட அவர்கள் உண்மையில் திறமைசாலிகளாக இருக்கவில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவி பற்றி மியூனிக் டாக்சிகளில் நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: ஏபிஎஸ் இருந்த டாக்சிகளில் விபத்து குறையவில்லை, ஓட்டும் முறையே துணிச்சலாக மாறியிருந்தது.

இம்மூன்று ஆய்வுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. விபத்தைத் தீர்மானிப்பது கைநுட்பத்தின் அளவு அன்று. நுட்பத்துக்கும் தன்மதிப்பீட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. 600 குதிரைத்திறன் உள்ள காரை ஒரு புதியவர் கையில் கொடுத்து, அவர் பிழைகளை எல்லாம் ஓசையின்றித் திருத்திவிடும்போது அந்த இடைவெளி விரிகிறது. கருவியின் உண்மையான தீங்கு இதுவே.

முடிவுரை

பிழையை மறைக்கும் கருவியைப் பிழையைக் காட்டும் கருவியாக மாற்ற முடியும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் டிராக்ஷன் கன்ட்ரோலை ஒன்பது படிகளில் கூட்டிக் குறைக்கும் மஞ்சள் குமிழ் ஒன்று உண்டு. விரைவாக ஓடுவதற்கென அமைந்த அந்தப் படிகள் நல்ல பயிற்சியாளர் கையில் பாடத்திட்டமாகும்: மூடிய தடத்தில், ஈரத் தளத்தில், குறைந்த வேகத்தில் ஒவ்வொரு படியாக உதவியை விலக்கலாம். அத்துடன், ஒரு சுற்றில் கணினி எத்தனை முறை, எந்த வளைவில், எவ்வளவு விசையைக் குறைத்தது என்ற பதிவை ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரின் கண்முன் வைக்க வேண்டும். இதற்கான தரவு எல்லாமே காரின் கணினி வழியாகத்தான் போகிறது.

தயாரிப்பாளர்களிடமும் பயிற்சிப் பள்ளிகளிடமும் கேட்க வேண்டியது இது ஒன்றுதான். சாலையில் கருவி விழித்தே இருக்கட்டும். ஆனால் அது தன்னைக் காப்பாற்றிய ஒவ்வொரு தருணத்தையும் ஓட்டுநர் அறிந்தே ஆக வேண்டும்.