கழுவுற வேலைக்கு யார் விலை சொல்றது?

போன எபிசோடுல நாகப்பட்டினத்து டச்சுக்காரங்களைப் பத்திப் பேசினோம். இந்த வாரமும் அதே கடற்கரைதான், ஆனா ஆரம்பிக்கப்போறது என் சொந்த அவமானத்துல இருந்து.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நான் கோடு எழுதுறவன். சனி, ஞாயிறுல காரைக்கால்ல என் சித்தப்பா பையனோட சேர்ந்து கார் டீடெய்லிங் பண்றேன். வீட்டுக்குப் பின்னால ஒரு ஷெட், ஒரு பிரஷர் வாஷர், ஒரு வாக்குவம், ஒரு பாலிஷிங் மெஷின். மொத்தம் 28,000 ரூபாய் முதல். விலை எப்படி வெச்சோம்னா, சென்னையில ஏதோ ஒரு கடையில 499-னு பார்த்த ஞாபகம், அதையே எழுதி ஒட்டிட்டோம். அவ்வளவுதான் எங்க ஆராய்ச்சி.

முதல் மாசம் தெரிஞ்ச மாமா ஒருத்தர் பெரிய எஸ்யூவி ஒண்ணைக் கொண்டுவந்தார். குடும்பத்தோட திருநள்ளாறு போயிட்டு வந்த வண்டி. நளதீர்த்தத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சவங்க எல்லாரும் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்காங்க, சீட்டு பூரா நல்லெண்ணெய். ரெண்டு பேரும் நாலு மணி நேரம் வேலை செஞ்சோம். முடிச்சதும் மாமா சுத்திப் பார்த்துட்டு, “நல்லா இருக்குப்பா, ஒரு நானூறு வெச்சுக்க”ன்னு கையில திணிச்சார். நான் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன்.

ராத்திரி ஷீட்ல போட்டுப் பார்த்தேன். ஷாம்பு, கிளீனர், துணி, கரண்ட் எல்லாம் 180. மீதி 220. ரெண்டு பேர், நாலு மணி நேரம், ஆக எட்டு மணி நேர உழைப்பு. ஒரு மணி நேரத்துக்கு 27 ரூபாய் 50 காசு. மெஷின் தேய்மானம் இதுல சேரவே இல்ல.

காசை விட என்னை உறுத்தினது வேற. ஆபீஸ்ல ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும்னு மேனேஜர் கிட்ட கறாரா பேசுறவன் நான். இங்க ஏன் வாய் வரல? போர்டுலதான் 499 இருக்கே, அதைக் கூட ஏன் கேட்க முடியல?

அப்பாயி கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேட்டேன், “உங்க காலத்துல துணி வெளுக்குறவருக்கு என்ன குடுப்பீங்க?” அவங்களுக்கு அந்தக் கேள்வியே புரியல. “என்னத்தக் குடுக்கிறது, களத்துல நெல்லு அளப்பாங்க”ன்னாங்க. ஒரு வேட்டிக்கு எவ்வளவுன்னு கேட்டா சிரிக்கிறாங்க. அப்படி ஒரு கணக்கே அந்த வீட்டுல இருந்ததில்ல.

இதைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் தோண்டப்போறோம். நம்ம டெல்டாவுல, பழைய தஞ்சாவூர் சீமை முழுக்க, ஊர் வேலை செய்யுறவங்களுக்கு உருப்படிக் கணக்குல கூலி கிடையாது. அறுவடை முடிஞ்சு களத்துல நெல்லைக் குவிச்சதும், நிலத்துக்காரரும் அரசாங்கமும் பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் குவியல்ல இருந்து ஊர் ஊழியர்களுக்கு அளந்து விடுவாங்க. தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான், தண்ணி பாய்ச்சுறவர்னு ஒவ்வொருத்தருக்கும் இத்தனை மரக்கால்னு வழக்கம் உண்டு. 12 மரக்கால் ஒரு கலம். இந்தப் பங்குக்கு வருவாய்த்துறைப் பதிவுகள்ல இருக்கிற பேர் என்ன தெரியுமா? சுதந்திரம். நாம ஆகஸ்ட் 15-க்குச் சொல்ற அதே வார்த்தைதான். அப்போ அதுக்கு அர்த்தம் பரம்பரை உரிமைப் பங்கு.

இது டெல்டாவுக்கு மட்டும் உரிய ஏற்பாடும் இல்ல. 1767-ல இருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கிற இன்ஜினியர் செங்கல்பட்டுப் பக்கம் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். அந்தக் கணக்குலயும் விளைச்சல்ல யார் யாருக்கு எவ்வளவு பங்குன்னு வரிசையா வருது. கோயிலும் இருக்கு, கணக்கரும் இருக்கார், வண்ணாரும் இருக்கார்.

ஒரு பக்கம் பார்த்தா இது மாசச் சந்தா மாதிரி அழகான மாடலாத் தெரியும். மழை பெய்தா எல்லாருக்கும் லாபம், பொய்த்தா எல்லாருக்கும் நஷ்டம், ஒவ்வொரு தடவையும் பேரம் பேசத் தேவையில்ல. சில பேர் இதைப் பொற்காலம்னே எழுதுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சந்தான்னா வேணாம்னு நிறுத்திக்க முடியணும். இங்க ஒரு வண்ணார் “உங்க வீட்டு அழுக்கு ஜாஸ்தி, எனக்குக் கட்டாது”ன்னு சொல்ல முடியாது. எந்த வீடு, எந்த வேலை, எந்தத் தீட்டுத் துணி, எத்தனை மரக்கால், இதை எல்லாம் முடிவு பண்ணினது அவர் பிறப்பும் மிராசுதாரர் வாயும்தான். கழுவுறவர் விலை சொல்ற இடமே அந்த ஏற்பாட்டுல இல்ல. எங்க குடும்பம் நெல் அளந்து குடுத்த பக்கம். அதையும் சொல்லிடுறேன், இல்லன்னா இந்தக் கதை பாதிதான்.

கடற்கரைக்கு வந்தா கதை மாறுது. துணி வாங்க வந்த கம்பெனிக்காரங்களுக்கு வெளுத்த துணி வேணும், அதுவும் கப்பல் கிளம்புறதுக்குள்ள வேணும். கோர்ஜ்னு 20 துணிகளை ஒரு கட்டா எண்ணினாங்க. வெளுக்குற வேலை களத்து நெல்லை விட்டு எண்ணிக்கைக் கணக்குக்குள்ள வந்துச்சு. சென்னையில வண்ணாரப்பேட்டைங்கிற பேரே அந்த வேலையால வந்ததுதான். 1734-ல கவர்னர் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினப்போ நூல் நூற்கிறவங்க, நெசவாளர்கள், சாயம் தீட்டுறவங்களோட துணி வெளுக்கிறவங்களையும் குடியமர்த்தினாங்க. அவங்களுக்கும் சமமான பேரம் கிடைக்கல. ஆனா வாங்குறவங்க ஒருத்தருக்கு மேல இருந்தா என்ன நடக்கும்னு இந்தக் கரை பார்த்துச்சு. 1620-ல இருந்து தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க, 1658-ல இருந்து நாகப்பட்டினத்துல டச்சுக்காரங்க. நடுவுல, ரெண்டுக்கும் பைக்ல போயிட்டு வர்ற தூரத்துல, நம்ம காரைக்கால்.

இந்த ஊரே பேரம் பேசி வாங்கின ஊர்தான். 1738-ல தஞ்சாவூர் மராட்டிய ராஜா சாஹுஜி பட்டத்தை இழந்து பணத்துக்கு அலைஞ்சப்போ, புதுச்சேரி கவர்னர் துமாவுக்கு காரைக்காலைத் தர்றேன்னு ஒப்புக்கிட்டார். சக்கரங்கிற நாணயத்துல விலை பேசினாங்க. பட்டம் திரும்பக் கிடைச்சதும் மனுஷன் பின்வாங்கிட்டார். பக்கத்துல டச்சுக்காரங்களுக்கும் பிரெஞ்சுக்காரங்க வர்றது பிடிக்கல. கடைசியில சந்தா சாகிப் உதவியோட 1739 பிப்ரவரியில பிரெஞ்சுக்காரங்க கைக்கு ஊர் வந்துச்சு. அதோட முடிஞ்சுதா? ஊர் கைமாறினதுக்கு அப்புறமும் ராஜா தரப்புல கடன் கேட்டாங்க, வருஷக் குத்தகை கேட்டாங்க. அடுத்து வந்த பிரதாப் சிங் காலத்துல இன்னும் சில கிராமங்கள் சேர்ந்துச்சு, அதுக்குத் தனியா ஒரு தொகை. காரைக்காலோட விலை என்னன்னு புத்தகங்கள்ல தேடினா 40,000, 50,000, ஒரு லட்சம்னு வேற வேற எண் வரும். கிரயம் எது, கடன் எது, குத்தகை எதுன்னு எழுதினவங்க வேற வேற மாதிரி பிரிச்சிருக்காங்க. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்த நோய் நல்லாவே தெரியும். கையெழுத்துப் போட்ட அப்புறம்தான் “இது ஒண்ணு மட்டும்”னு ஆரம்பிப்பாங்க.

1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படியும். ஆனா விலை எல்லைக்கோடு மட்டும் அழியல. இன்னைக்கும் நாகை மாவட்டத்துக்காரங்க பெட்ரோல் போடவும் சரக்கு வாங்கவும் இந்தப் பக்கம் வர்றாங்க. பிஒய் 02 நம்பர் பிளேட்டுக்கும் தனி மவுசு. அதனால வர்ற வாடிக்கையாளர் மனசுல ஒரு கணக்கு ஓடும். காரைக்கால்னா சீப். எங்க தொழிலுக்கு அது பொருந்தாது. 2017 ஜூலை 1-க்கு அப்புறம் ஷாம்புக்கும் பாலிஷுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி. எங்க வரவு வருஷம் 20 லட்சத்துக்கு ரொம்பக் கீழ, அதனால பதிவு பண்ணல, வாடிக்கையாளர் கிட்ட வரி வாங்குறதில்ல. அதே சமயம் பொருள் வாங்கும்போது நாங்க கட்டுற வரியையும் திரும்ப எடுக்க முடியாது. இதுல கடலோரத்து உப்புத்தண்ணி வேற. கழுவிட்டு வெயில்ல விட்டா பெயின்ட் மேல வெள்ளை வெள்ளையா கறை நிக்கும். நல்ல தண்ணி வாங்கி ஒரு தடவை அலசணும், நிழல்ல வெச்சுத் துடைக்கணும். சென்னைக் கடையோட 499-ல இது எதுவும் இல்ல.

அதனால பழைய போர்டைக் கழட்டிட்டு 11 வண்டிக்கு நேரம் குறிச்சோம். ஆளுக்கு மணிக்கு 150 ரூபாய்னு முதல்ல முடிவு பண்ணினோம். மெஷின் முதலை 400 வண்டிக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 70. சின்ன காருக்கு ரெண்டு பேருக்கு ரெண்டரை மணி நேரம், உழைப்பு 750, பொருள் 140, மெஷின் 70. கூட்டினா 960, போர்டுல 950. எஸ்யூவிக்கு உழைப்பு 1,200, பொருள் 180, மெஷின் 70, ஆக 1,450. சீட்டுல எண்ணெய் இருந்தா 300 கூட. வண்டி வந்ததும் வீடியோ எடுத்து, கறையைக் காட்டி, தொகையை முன்னாடியே சொல்லிடுறது. துமா கிட்ட ஃபோன் இருந்திருந்தா அவரும் இதைத்தான் செஞ்சிருப்பார்.

எண்ணெய்க்குத் தனிக் காசான்னு சண்டை போட்டு நாலஞ்சு பேர் போயிட்டாங்க. சனிக்கிழமைக்கு ஒன்பது வண்டி வந்த இடத்துல இப்போ நாலுதான். கையில நிக்கிறது முன்னை விட ஜாஸ்தி. ஆனா மழை மாசத்துல நாலு எத்தனை ஆகும்னு பார்க்கணும்.

அப்பாவுக்கு இன்னும் இது பிடிக்கல. “இன்ஜினியரிங் படிச்சுட்டு ஊரான் வண்டியைக் கழுவுறான்”னு உறவுக்காரங்க பேசுறது அவர் காதுல விழுது. போன சனிக்கிழமை அதே மாமா மறுபடி வந்தார், அதே எஸ்யூவி, அதே நல்லெண்ணெய். நான் வீடியோவைக் காட்டி 1,750-ன்னு சொன்னேன். அவர் என்கிட்ட பதில் சொல்லல. திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பா பக்கம் திரும்பி, “என்ன மச்சான், உங்க பையன் இப்படிக் கேக்குறான்?”னார்.

அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம சொன்னார், “போர்டுல எழுதியிருக்கில்ல.”