ஓர் ஆளியும் ஏழு தீவுகளும்

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று கடலை நோக்குவோர்க்கு, காரைநகருக்குச் செல்லும் நீர்வழியின் நடுவே சிறியதொரு கோட்டை தென்படும். ஊரார் அதனைக் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையைப் போலத் தோன்றிற்றாம். அத்தொடையின் குதிகாலில் இருப்பது இக்கோட்டை என்பது அப்பெயரின் பொருள். இன்று நான் பேச வந்ததோ கணினிகளைப் பற்றி. ஆயினும் பேச்சை இக்கோட்டையிலிருந்தே தொடங்குவது பொருந்தும். காரணம் போகப் போக விளங்கும்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த பெருந்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டடாம், எழுவைதீவு ஹூர்ண், நெடுந்தீவு டெல்வ்ற். மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தன. டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கில் 'டெல்வ்ற்' என இன்றும் நிலைத்திருக்கின்றது.

இப்பெயர்களுள் ஐந்து கவனிக்கத் தக்கவை. 1602இல் அமைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்வ்ற், றொட்டடாம், ஹூர்ண் என்னும் ஐந்தும் அவற்றுட் சேர்ந்தவை, ஆறாவது என்கெய்சன். இவ்வாறு சபைகளுக்கும் மேலாகப் பதினேழு பேர் கொண்ட தலைமைச் சபை ஒன்று வீற்றிருந்தது. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த பதினேழு பேர், பல மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் உள்ள துறைமுகங்களையும் பண்டசாலைகளையும் ஆண்டனர். ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடங்களை ஆளவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. அதற்கு அவன் கைக்கொண்ட கருவிகளே காலந்தோறும் மாறி வந்துள்ளன.

அன்று கருவியாயிருந்தது கடிதம். பின்னர் கம்பி வந்தது. 1878ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டபோது அதன் சந்தாதாரர் இருபத்தொருவர். இணைப்புப் பலகையின் முன் அமர்ந்த ஒருவர் கை, யாருடைய கம்பியை யாருடைய கம்பியோடு பொருத்துவது என்பதைத் தீர்மானித்தது. நேயர்களுக்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு வானொலி நிலையமே. ஒரு கலையகத்தில் நாதஸ்வரம், மற்றொன்றில் செய்தி, வேறோரிடத்திலிருந்து திருவிழா அஞ்சல். எதனை உங்கள் வீட்டுக்கு அனுப்புவது என்பதைக் கட்டுப்பாட்டறையில் இருக்கும் ஒருவர் விரல் முடிவு செய்கின்றது.

கணினி உலகிலும் இதே தேவை எழுந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விசைப்பலகை, ஒரு திரை, ஒரு சுட்டி என மூன்று உறுப்புகள் வேண்டும். சுட்டியை டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் உலகறியக் காட்டினார். வீட்டில் ஒரு கணினி இருக்கும்வரை இம்மூன்றும் சுமையல்ல. ஓர் அலுவலகத்தில் இருபது கணினிகள் இரவு பகலாக ஓடினால் என்ன செய்வது? இருபது திரைகளுக்கு இடமும் மின்சாரமும் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவற்றை நாளில் ஒரு முறை பார்ப்பதும் அரிது.

இதற்கு விடையாக வந்ததே கே.வி.எம். ஆளி. விசைப்பலகை, திரைக்காட்சி, சுட்டி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவியை ஆளி என்று நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்குகின்றன. இங்கே அச்சொல்லுக்குக் கூடுதலான பொருத்தம் உண்டு; ஒரு மேசையிலிருந்து பல பொறிகளை ஆள உதவுவது அன்றோ இது! ஆளியின் ஒரு பக்கத்தில் திரையும் பலகையும் சுட்டியும் இணைகின்றன. மறுபக்கத்தில் இரண்டோ நான்கோ பதினாறோ கணினிகள் இணைகின்றன. பொத்தானை அழுத்தினாலும், விசைப்பலகையில் குறித்ததொரு விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினாலும் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்கு மாறலாம். எட்டு வாய்கள் கொண்ட ஆளியின் ஒவ்வொரு வாயிலும் இன்னோர் எட்டு வாய் ஆளியைப் பொருத்தினால், ஒரே இருக்கையிலிருந்து 64 கணினிகளைப் பார்க்கலாம்.

ஆயின் இது எளிதாகக் கைகூடவில்லை. தொடக்கத்தில் வந்தவை வெறும் திருகுப் பெட்டிகள். திருகைத் திருப்பினால் ஒரு கணினியின் தொடர்பு அறுந்து, அடுத்ததன் தொடர்பு பொருந்தும். அங்கேதான் இடர் நேர்ந்தது. அக்காலக் கணினி விழித்தெழும்போது முதற்கண் தன் விசைப்பலகையைத் தேடும். திருகு வேறொரு பக்கம் இருந்தால் பலகை காணப்படாது. உடனே குறைகூறி, மேலே நகராமல் நின்றுவிடும். மின்சாரம் தடைப்பட்டு மீண்ட ஓர் இரவில் இருபது கணினிகளும் இவ்வாறு நின்றால், விடியுமட்டும் வேலை நடவாது.

ஆகவே பின்வந்த ஆளிகளுக்குள் ஒரு சிறு மூளையைப் பொருத்தினர். அது ஒவ்வொரு கணினியிடமும், 'உன் விசைப்பலகை இங்கேயே இருக்கின்றது. சுட்டியும் இருக்கின்றது' என்று இடைவிடாது மறுமொழி கூறிக்கொண்டிருக்கும். திரையின் அளவு, தெளிவு பற்றிய விவரத்தையும் நல்ல ஆளிகள் நினைவில் வைத்துக் கணினிக்குச் சொல்கின்றன. பிள்ளைகள் பலரையுடைய தாய், ஒரு பிள்ளைக்கு உணவூட்டும்போதே மற்றவர்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இத்துறையில் முன்னின்ற அமெரிக்க நிறுவனங்களான சைபெக்ஸ், ஏபெக்ஸ் இரண்டும் 2000ஆம் ஆண்டில் இணைந்து அவோசென்ற் என்னும் பெயர் பெற்றன. அதனையொட்டிய ஆண்டுகளில் வேறொரு மாற்றம் பரவியது. அதுவரை ஆளிக்கும் கணினிக்கும் இடையே கம்பியின் நீளமே எல்லை. திரைக்காட்சியை எண்களாக மாற்றிக் கணினி வலையமைப்பின் வழியே அனுப்பும் முறை வந்தபின், அந்த எல்லை அகன்றது. யாழ்ப்பாணத்தில் அமர்ந்திருப்பவர் கொழும்பிலுள்ள கணினி விழித்தெழும் முதற் கணத்திலிருந்தே அதன் திரையைக் காணவும், அதனைத் திருத்தவும் இயலும்.

இனி நம் தீவுகளுக்குத் திரும்புவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை கடலாற் பிரிக்கப்பட்டவை. நாட்டின் பொது மின்வலையோடு இணையாது, டீசல் இயந்திரங்களை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தவை. இம்மூன்றிலும் காற்று, வெயில், மின்கலம், டீசல் நான்கையும் கலந்து மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கான ஒப்பந்தம், இந்திய அரசின் நன்கொடை உதவியுடன், 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் கொழும்பில் கைச்சாத்தாயிற்று. திட்டமிட்ட அளவு, மூன்று தீவுகளுக்குமாகக் காற்றாலை 530 கிலோவாட். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட். மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாட் மணி. கைகாவலாக டீசல் 2,500 கிலோவாட்.

இத்தகைய கலப்பு நிலையங்களில் காற்று தணியும்போது மின்கலத்தைத் திறப்பதும், மின்கலம் வற்றும்போது டீசலை எழுப்புவதும் பொதுவாகக் கணினிகளின் பணியே. கடல் கொந்தளிக்கும் நாட்களில் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாது. பழுது பார்ப்பவர் வர இயலாது. சோளகக் காற்று வீசும் அந்நாட்களில், தொலைவிலிருந்து ஒரு திரையைத் திறந்து பார்க்கும் வசதி, ஒரு தீவின் வைத்தியசாலை விளக்கு எரிவதையும் அணைவதையும் தீர்மானிக்கக்கூடும். ஓர் ஆளி மேசையில் இடத்தை மிச்சப்படுத்தும் பொருள் மாத்திரமன்று என்பது அப்போது புலப்படும்.

ஆனால் வசதியின் மறுபக்கத்தையும் கூறாது விடுவது முறையன்று. முதலாவது, மயக்கம். மூன்றாம் கணினியில் இருக்கின்றோம் என்று எண்ணி, இரண்டாம் கணினிக்கு 'நின்றுவிடு' என்று கட்டளையிட்டுவிடலாம். எல்லாத் திரைகளும் ஒரே திரையில் தோன்றுவதால் வரும் பிழை இது. ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு நிறமும் பெயரும் பெரிதாக இடுவது இதற்குப் பரிகாரம். இரண்டாவது, திறவுகோல். எல்லா அறைகளுக்கும் ஒரே திறவுகோல் இருந்தால், அதனைத் திருடியவன் வீடு முழுவதையும் திருடியவன் ஆவான். வலையமைப்பில் வைத்த ஆளிக்குக் கடுமையான காவல் வேண்டும். மூன்றாவதே மிகப் பெரியது. அந்த ஆளி பழுதானால்?

இங்கேதான் கடற்கோட்டை நமக்குப் பாடம் சொல்கின்றது. 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, போர்த்துக்கேயர் நாற்புறமும் உப்பு நீரை அரணாகக் கொண்டு உள்ளே இருந்தனர். பகைவரைத் தடுத்த அந்தக் கடலே நன்னீரையும் தடுத்தது. குடிப்பதற்குத் தேக்கி வைத்திருந்த நீர்த்தொட்டி பீரங்கிக் குண்டுக்கு இரையாயிற்று. தாகம் தாளாது கோட்டையை ஒப்படைத்தனர். விழுந்தது மதில் அன்று, ஒரேயொரு தொட்டி.

பல பொறிகளை ஓரிடத்திலிருந்து ஆள முற்படுவோர் இதனை மறத்தலாகாது. தொலைவிலிருந்து ஆளும் வழி ஒன்று இருக்கட்டும். தீவிலேயே, கணினியின் அருகிலேயே, ஒரு விசைப்பலகையும் ஒரு திரையும், அவற்றை இயக்கத் தெரிந்த அவ்வூர்ப் பிள்ளை ஒருவரும் இருக்கட்டும். பெருங்கடலுக்கு அப்பாலிருந்த பதினேழு பேரின் ஆணையைக் காத்திருந்த காலம் போய்விட்டது. கருவி எத்துணைத் தொலைவுக்கு நீண்டாலும், தன் விளக்கைத் தானே ஏற்றவல்ல கை ஒன்று ஒவ்வொரு தீவிலும் வேண்டும்.