ஷோனென் நைஃப்: ஐஸ்கிரீமையும் காட்டெருமையையும் பாடிய நாற்பது வருடங்கள்

ராக் இசை என்றால் காதல் தோல்வி, கோபம், புரட்சி, போதை. இந்த நாலையும் எடுத்துவிட்டால் பாட என்ன மிச்சம் இருக்கும்? ஐஸ்கிரீம், ஜெல்லி மிட்டாய், சைக்கிள், காளான், காட்டெருமை எல்லாம் இருக்கிறதே என்று கிளம்பியவர்கள்தான் ஜப்பானின் ஷோனென் நைஃப்.

இவர்களைப் பற்றி எங்கே படித்தாலும், நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனுக்குப் பிடித்த ஜப்பானியப் பெண்கள் என்றுதான் ஆரம்பிக்கும். பல இடங்களில் அதோடு முடிந்தும் விடும். கோபேனுக்கு இவர்களைப் பிடித்தது உண்மை. ஆனால் அவர் கைதூக்கி விட்டதால் வந்தவர்கள் இவர்கள் என்பது உண்மையில்லை. வருடங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஒசாகாவில் ஆரம்பம்

1981 டிசம்பரில் ஒசாகா நகரத்தில் குழு ஆரம்பமானது. நவோகோ யமானோ கிடார், பாட்டு. அவர் தங்கை அட்சுகோ டிரம்ஸ். தோழி மிச்சியே நகாதானி பேஸ் கிடார். ஷோனென் என்றால் சிறுவன், நைஃப் என்றால் கத்தி. பழைய பேனாக்கத்தி ஒன்றின் மார்க்கையே பெயராக வைத்துக்கொண்டார்கள். மேடை உடைகளை வடிவமைத்தது அட்சுகோ. அமெரிக்காவின் ரமோன்ஸ் குழுதான் இவர்களுக்கு ஆதர்சம். மூன்று கார்டு, இரண்டரை நிமிஷம், பாட்டு முடிந்தது!

அந்தக் காலத்து ஜப்பான் டிவியில் பாடிய இளம்பெண்கள் பெரும்பாலும் 'ஐடல்' என்ற வகை. 1980-ல் அறிமுகமான செய்கோ மட்சுதா பெரிய உதாரணம். பாட்டு எழுத ஒருவர், மெட்டுப் போட ஒருவர், உடைக்கு ஒருவர், முன்னால் நின்று பாட மட்டும் அந்தப் பெண். ஷோனென் நைஃபில் எல்லாமே அந்த மூன்று பேர்தான். அலுவலக வேலைக்குப் போய்க்கொண்டே பாட்டு எழுதினார்கள்.

யார் முதலில்?

1983-ல் 'பர்னிங் ஃபார்ம்' வந்தது. 1985-ல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்தில் இருந்த கே ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை கேசட்டாக வெளியிட்டது. 1986-ல் சப் பாப் நிறுவனத்தின் 'சப் பாப் 100' தொகுப்பில் இவர்கள் பாட்டு ஒன்று இடம்பெற்றது. நிர்வாணா ஆரம்பித்தது 1987-ல். அவர்களுடைய முதல் ஆல்பம் அதே சப் பாப் மூலம் வந்தது 1989-ல்! அந்த 1989-லேயே சோனிக் யூத், ரெட் கிராஸ் போன்ற அமெரிக்கக் குழுக்கள் சேர்ந்து ஷோனென் நைஃப் பாடல்களை மட்டுமே பாடி ஒரு முழு ஆல்பம் போட்டுவிட்டார்கள்.

1991 கடைசியில் பிரிட்டனில் நிர்வாணாவின் மேடையில் இவர்கள் ஏறியபோது குழுவுக்கு வயது பத்து. அந்த அழைப்பு உலகம் முழுக்க இவர்களைத் தெரியவைத்தது, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வேலை அதற்கு முன்பே பேசப்பட்டுவிட்டது. கோபேனின் டைரிக் குறிப்புகள் 2002-ல் புத்தகமாக வந்தபோது, அவருக்குப் பிடித்த ஐம்பது ஆல்பங்களின் பட்டியலில் 'பர்னிங் ஃபார்ம்' இருந்தது. அதாவது, அவர் இவர்களுடைய ரசிகர். அதை நாம் தலைகீழாகப் படிக்கிறோம்.

எதைக் கேட்பது?

1. ட்விஸ்ட் பார்பி (1983): பொன்னிறக் கூந்தல் பொம்மையைப் பார்த்து ஒசாகாப் பெண் பாடுவது. ஏங்குகிறாளா, கிண்டலா என்று கடைசிவரை பிடிபடாது. இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

2. டார்டாய்ஸ் பிராண்ட் பாட் கிளீனர்ஸ் தீம் (1983): ஆமை மார்க் பாத்திரம் தேய்க்கும் பிரஷுக்கு ஒரு பாட்டு. நம் வீட்டுத் தேங்காய் நார் மாதிரிதான் அதுவும். காமர்ஸ் படிக்கிறவர்கள் விளம்பரப் பாடத்துக்கு உதாரணமாக எழுதலாம் :-)

3. ரைடிங் ஆன் தி ராக்கெட்: 1992-ல் வந்த 'லெட்ஸ் நைஃப்' ஆல்பத்தில் கேளுங்கள். வெளிநாட்டு ரசிகர்களுக்காகப் பழைய பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மறுபடி பாடிய ஆல்பம் அது.

4. பேர் அப் பைசன்: அழிந்துகொண்டிருக்கும் காட்டெருமைக்குத் தைரியம் சொல்கிற பாட்டு. சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்து, நடுவில் சிரிப்பு நின்றுவிடும்.

5. கான்க்ரீட் அனிமல்ஸ் (1993): பூங்காக்களில் குழந்தைகள் ஏறி விளையாடும் சிமெண்டு மிருகங்களைப் பற்றி.

6. டாப் ஆஃப் தி வேர்ல்ட் (1994): கார்பெண்டர்ஸ் குழுவின் பழைய பாட்டு, இவர்கள் வேகத்தில்.

7. பனானா சிப்ஸ் (1998): சிப்ஸ் பற்றித்தான். வேறு எதுவும் இல்லை!

விளையாட்டுப் பிள்ளைகளா?

கேட்கக் குழந்தைத்தனமாக இருப்பதால் இவர்கள் வாழ்க்கையும் விளையாட்டாகப் போனது என்று நினைக்கவேண்டாம். 1994-ல் கோபேன் இறந்தார். 1999-ல் மிச்சியே விலகினார். 2005 நவம்பரில், இவர்களோடு டிரம்ஸ் வாசித்துவந்த மனா நிஷியுரா வேறொரு குழுவுடன் அமெரிக்கப் பயணத்தில் இருந்தபோது சாலை விபத்தில் இறந்தார். 2006-ல் அட்சுகோவும் விலகியபோது, ஆரம்பித்த மூவரில் நவோகோ மட்டும்தான் மிச்சம். கோபப் பாட்டோ சோகப் பாட்டோ எழுத அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாட்டையும் மிருகங்களையும் பாடுவதைத் தொடர்ந்தார். 2011-ல், முப்பதாவது வருடத்துக்கு, ரமோன்ஸ் பாடல்களை மட்டுமே பாடி 'ஒசாகா ரமோன்ஸ்' போட்டார்கள். பிறகு அட்சுகோவும் திரும்பி வந்தார். 2023-ல்கூட புது ஆல்பம் வந்தது.

கோபத்தைப் பாடினால்தான் கனமான கலை, ஐஸ்கிரீமைப் பாடினால் வேடிக்கை என்று நாமாக ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். கோபத்தோடு கிளம்பிய எத்தனையோ குழுக்கள் பத்து வருடத்துக்குள் கலைந்துபோயின. சந்தோஷத்தை நாற்பது வருடம் விடாமல் வாசிப்பதற்கும் பிடிவாதம் வேண்டும். அதனால் இவர்களை நிர்வாணா கதையின் அடிக்குறிப்பாக இல்லாமல், தனிக் கதையாகவே கேளுங்கள். முதலில் ட்விஸ்ட் பார்பி. இரண்டரை நிமிஷம்தான் ஆகும்.