மௌனத்தின் மீது விழுந்த ஐயம்

கிறித்தவ வழிபாடு என்றவுடன் நம் நினைவில் எழுவன ஆலய மணியோசையும், பாடற்குழுவின் இசையும், உரக்கச் சொல்லும் செபமாலையுமே. சொல்லற்றுச் சும்மா இருத்தல் என்பது சித்தர்க்கும் யோகியர்க்கும் உரியது, கிறித்தவத்திற்கு அயலானது என்று எண்ணுவோர் நம்மில் பலர். வியப்பு யாதெனில், இங்கிலாந்தின் கிறித்தவத் துறவு மடம் ஒன்றிலேயே ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணினர். அவ்வெண்ணத்தின் வேரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1926இல் லண்டனில் பிறந்த ஜான் மெயின், 1950களின் நடுப்பகுதியில் மலாயாவில் பிரித்தானிய அரசுப் பணியில் இருந்தார். கத்தோலிக்கராகிய அவர், அலுவல் நிமித்தம் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவைக் காணச் சென்றார். சுத்த சமாஜத்தை நிறுவி, ஆதரவற்ற குழந்தைகளைப் பேணி வந்த துறவி அவர். அலுவல் பேச்சு முடிந்ததும் உரையாடல் செபத்தின்பால் திரும்பியது. ஒரு மந்திரத்தை உள்ளத்தில் இடையறாது ஒலிக்கச் செய்து, காலையும் மாலையும் அரைமணி நேரம் அசையாது அமரும் முறையைச் சுவாமி கூறினார். கிறித்தவனாகிய நான் இதனைப் பயிலலாமா என்று மெயின் கேட்டபோது, இதனால் நீர் இன்னும் நல்ல கிறித்தவராவீர் என்பதே சுவாமி தந்த விடையின் சாரம்.

பின்னர் டப்ளினில் சட்டம் கற்பித்த மெயின், 1959இல் லண்டன் ஈலிங் நகரிலுள்ள பெனடிக்ட் சபை மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசான் அத்தியான முறையைக் கைவிடச் சொன்னார்; அது கிறித்தவச் செபமன்று என்பது அவர் கருத்து. கீழ்ப்படிதல் துறவியின் கடமை. மெயின் விட்டுவிட்டார்.

அந்த ஆசானைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவருடைய ஐயத்திற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. மிகேல் தெ மோலினோஸ் என்னும் ஸ்பானியக் குரு 1675இல் ரோமில் ‘ஆன்மிக வழிகாட்டி’ என்ற நூலை வெளியிட்டார். ஆன்மா தன் முயற்சியை எல்லாம் அடக்கி, இறைவன் முன் அமைதியாக இருக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. எதிர்ப்பும் உடன் எழுந்தது. முயற்சியே வேண்டாம் எனில், தீய சோதனையை எதிர்க்கும் முயற்சியும் வேண்டாமோ என்று எதிர்த்தோர் வினவினர். 1685இல் மோலினோஸ் கைது செய்யப்பட்டார். முன்பு அவரை மதித்திருந்த திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட்டே, 1687இல் 68 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டார். மோலினோஸ் 1696இல் சிறையிலேயே இறந்தார். பிரான்சில் இத்தகைய செபத்தைப் போதித்த குயோன் அம்மையார் பாஸ்தீல் சிறையில் அடைபட்டார். அவருக்குத் துணைநின்ற பேராயர் பெனெலோனின் நூல் 1699இல் கண்டிக்கப்பட்டது. அதன்பின் மேலைக் கத்தோலிக்க உலகில், சொல்லற்ற செபம் என்றாலே ஐயத்தோடு நோக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

மெயினின் கதை அங்கு முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் மடத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராக இருந்தபோது, செபத்தைப் பற்றிக் கேட்டுவந்த இளைஞர் ஒருவருக்காகப் பழைய நூல்களைப் புரட்டினார். அவை அவரை ஜான் காசியனிடம் கொண்டு சேர்த்தன. எகிப்தியப் பாலைநிலத் துறவியரிடம் பயின்று, மார்செய் நகரில் மடம் அமைத்தவர் காசியன். அவர் ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘உரையாடல்கள்’ நூலின் பத்தாம் பகுதி, திருப்பாடலின் ஒரு சிறு வரியை மட்டும் பற்றிக்கொண்டு, எண்ணங்களின் செல்வத்தை எல்லாம் துறந்து, அதையே இடைவிடாது உள்ளத்தில் சொல்லுமாறு கற்பிக்கிறது. கோலாலம்பூரில் கேட்டதும் இதுவேயன்றோ! இந்நூலைத் துறவியர் வாசிக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதோ, ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த சபை ஒழுங்கே. வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பொருளைத்தான் அயலார் உடைமை என்று அந்த மடம் விலக்கியிருந்தது.

ஈலிங் திரும்பிய மெயின் 1975இல் தியான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ‘மாரனாதா’ என்ற அரமேயச் சொல்லையே அவர் மந்திரமாகப் பரிந்துரைத்தார். 1977இல் மொன்றியால் சென்று, 1982இல் அங்கேயே மறைந்தார். அவர்தம் வழியில் நிற்போர் 1991இல் உலகக் கிறித்தவத் தியானச் சமூகமாக ஒருங்கிணைந்தனர்.

ஆயினும் மோலினோசை எதிர்த்தோர் எழுப்பிய வினா வெறும் வினாவன்று. அமைதிக்கும் சோம்பலுக்கும், சரணடைதலுக்கும் பொறுப்பைத் துறத்தலுக்கும் வேறுபாடு யாது? புறத்தே நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இருவருமே கண்மூடி அமர்ந்திருப்பர். பாலைநிலத் துறவியர் செபித்துக்கொண்டே கையால் உழைத்தனர். சத்தியானந்தா தியானத்தினின்று எழுந்து குழந்தைகளிடம் சென்றார். மௌனம் மெய்யா பொய்யா என்பதை அது கலைந்த பின்னர்த்தான் காண முடியும். சிறைக் கதவை மூடியவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.